ஸ்மைல் சாரும் வெள்ளை விரிப்பும்

தான் ஒரு தடவைகூடச் சிரிக்காமல், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சிரிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை நான் மரக்காணத்தில் பார்த்தேன். பெயரைக் கேட்காதீர்கள். லாட்ஜ் ரிஜிஸ்டரில் அவர் எழுதிய பெயரை அவரைத் தவிர எவராலும் படிக்க முடியவில்லை. எல்லாருக்கும் அவர் ஸ்மைல் சார். அவருடைய முகமோ, வட்டிக்காரன் வந்திருக்கிறான் என்று தெரிந்தே கதவைத் திறக்கிறவனின் முகம்.

அப்போது நான் ஈசிஆர் ரோட்டோரம் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். சாவி கொடுப்பது, மோட்டார் போடுவது, பாத்ரூம் அடைத்துக்கொண்டால் குச்சியோடு ஓடுவது, இவ்வளவும் மேனேஜர் வேலைதான். முதலாளி கூனிமேட்டு பாய். தங்கமான மனுஷன். ஒரு பல்பு போதும் என்கிற இடத்தில் இரண்டு எரிந்தால் மட்டும் அவருக்கு நெஞ்சு எரியும்.

ஒரு மத்தியான நேரம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்து பேப்பரால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அரைக்கைச் சட்டை, அதன் மேல் மெரூன் டை, கையில் ஒரு சூட்கேஸ், இன்னொரு கையில் வட்டமான எவர்சில்வர் ட்ரே, இந்தக் கோலத்தில் ஒரு ஆள் வந்து நின்றார். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயசு. நான் உட்கார்ந்தபடியே "ரூமா?" என்றேன்.

"கெஸ்ட் வந்து நிக்கிறாரு. நீ குந்திக்கிட்டே கேக்குற. நான் வெளிய போறேன். மறுபடியும் வர்றேன்."

சொன்னபடியே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இந்தத் தடவை எழுந்து நின்றேன். "எழுந்துட்ட. ஸ்மைல் எங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ரோட்டுக்குப் போனார். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள், இந்த ஆளுக்கு நான் ரூம் இல்லை என்று சொல்லி விரட்டிக்கொண்டே இருப்பதாக நினைத்து, "ஏம்பா, பெரியவர ஏன் அலைய வுடுற?" என்று என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில் பல்லைக் காட்டி "வெல்கம் சார்" என்றேன். அப்போதுதான் சூட்கேஸைக் கீழே வைத்தார்.

"ஓகே. சுமார். நாளையிலிருந்து உனக்கும் கிளாஸ் உண்டு" என்றார்.

என்ன கிளாஸ் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குப்பத்தில் படகு போயிற்று, வலை போயிற்று, வீட்டுக்கு வீடு ஆள் போயிற்று. உப்பளத்தில் பாத்தி பாத்தியாகச் சேறு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வேனில் வந்து இறங்கியவர்களுக்குக் கணக்கே இல்லை. பாத்திரம் கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள், சிலர் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி வந்த ஒரு டிரஸ்ட், சின்ன ஓட்டல், லாட்ஜ் வேலைக்கு ஆட்களைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்கிறோம், முடிவில் பரீட்சை, பாஸானால் சர்டிபிகேட், சர்டிபிகேட் இருந்தால் புதுச்சேரிப் பக்கத்து ரிசார்ட்டில் வேலை என்று அறிவித்தது. எங்கள் லாட்ஜின் மாடி ஹாலையும் ஒரு ரூமையும் அதற்கு வாடகைக்கு எடுத்தார்கள். வாத்தியாராக வந்து சேர்ந்தவர்தான் இவர். சென்னையில் பெரிய ஓட்டலில் ஸ்டூவர்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "வீட்ல யாரு கெஸ்ட், யாரு ஸ்டாஃப்னு கிளியரா இருக்காது. அது எனக்கு ஒத்து வராது" என்பார்.

படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் உப்பளத்துக்காரர்கள், பாதிப் பேர் அனுமந்தைப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள். முதல் நாளே எல்லாரையும் "சார்", "மேடம்" என்று கூப்பிட்டார். அன்னம்மா என்று வாய் ஓயாத ஒரு பெண் எழுந்து, "மேடம்னு கூப்டாதீங்க சார். எங்க குப்பத்துல மேடம்னா கலெக்டர் வந்துட்டாங்கனு அல்லாரும் மனு எடுத்துக்கினு ஓடியாந்துருவாங்க" என்றாள். ஹாலே சிரித்தது. ஸ்மைல் சார் சிரிக்கவில்லை. "இந்த ஸ்மைல்தான். இத அப்படியே பரீட்ச வரைக்கும் வச்சுக்குங்க" என்றார், ஐஸ்கட்டியை உருகாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது போல.

மறுநாள் ஆளுக்கு ஒரு கைக்கண்ணாடி கொடுத்துச் சிரிக்கச் சொன்னார். வீட்டில் படத்துக்கு மாலை காயாதவர்களைக் கண்ணாடி பார்த்துச் சிரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஹால் முழுக்கப் பல்வலிக்காரர்கள் மாதிரி இருந்தது. உப்பளத்து ஏழுமலை ஒருவன் மட்டும் பிரமாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்மைல் சார் அவனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, "பாருங்க, இதான் இன்டர்நேஷனல் ஸ்மைல்" என்றார். ஏழுமலை நெளிந்தான்.

"சார், நான் சிரிக்கலைங்க. உப்பு வெளிச்சத்துல கண்ணச் சுருக்கிச் சுருக்கி மூஞ்சியே இப்படி ஆயிடுச்சு. எங்கப்பா செத்தப்பகூட, இன்னாடா பல்லக் காட்டுறன்னு எங்க சித்தப்பா செவுள்ல வுட்டாரு."

ஸ்மைல் சார் யோசித்தார். "காரணம் நமக்கு வேணாம். ரிசல்ட் நல்லாருக்கு" என்று முழு மார்க் போட்டார்.

அதே ஏழுமலையால் அடுத்த வாரம் ஒரு பெரிய ரகளை நடந்தது. சாப்பாடு பரிமாறும் பாடம். ஸ்மைல் சார் கெஸ்ட்டாக டேபிளில் உட்கார்ந்து, "சால்ட் ப்ளீஸ்" என்று கையை நீட்டினார். கெஸ்ட் கேட்டதைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஏழுமலை உப்பு டப்பாவோடு பக்கத்தில் வந்து நின்றான். கொடுக்கவில்லை. இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே அசையாமல் இருக்கிறார்கள்.

"சால்ட்!"

"டேபிள் மேல வக்கிறேன், எடுத்துக்குங்க சார்."

"கையில குடு!"

"உப்ப கையில குடுத்தா பகையாயிடும் சார். ஊரு ஒலகத்துக்கே உப்பு குடுக்குற ஊரு இது. கையில கையில குடுத்திருந்தா எத்தன பேரு பகைய நாங்க தாங்குறது?"

உப்பளத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று அதுதான் நியாயம் என்றார்கள். குப்பத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்மைல் சார் கடைசியில் கையை மடக்கிக்கொண்டு போர்டில் எழுதினார்: உப்பு மட்டும் மேஜையில் வைக்கலாம். பக்கத்தில் "மரக்காணம் ஸ்டைல்" என்று அடிக்கோடும் போட்டார். சட்டத்தை மாற்றுகிற அளவுக்கு அவருக்கு மனசு இருக்கிறது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியிலும் அந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டார். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரிடம், "டிக்கெட் குடுக்கும்போது கண்ணப் பாரு, ஸ்மைல் பண்ணு" என்றார். கண்டக்டர், "பெரியவரே, நிக்கிறவன் எல்லாருக்கும் ஸ்மைல் பண்ணிக்கினு வந்தா வண்டி நாளைக்குத்தான் திண்டிவனம் போயி சேரும்" என்றான். ஒரு கருமாதிச் சாப்பாட்டில் இடப்பக்கம் பரிமாறணும், வலப்பக்கம் இலை எடுக்கணும் என்று பந்தியை நிறுத்தி வைத்து வகுப்பு எடுத்திருக்கிறார். மொட்டை போட்டிருந்த மூத்த மகனே வந்து கையெடுத்துக் கும்பிடு போட்டு அவரை உட்கார வைத்தானாம்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, படுக்கை விரிக்கும் பாடம் வரைக்கும்.

டிரஸ்ட்டிலிருந்து வெள்ளை வெளேர் என்று விரிப்புகள் வந்திருந்தன. ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். ஸ்மைல் சார், "நான் எதுவும் சொல்லித் தர மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி போடுங்க, தப்பு எங்கன்னு அப்புறம் சொல்றேன்" என்றார். குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு கட்டிலுக்குப் போனார்கள். போட்டு முடித்ததும் அவர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாக் கட்டிலிலும் ஒரே தப்பு. விரிப்பைத் தலையணை தெரியாமல் இழுத்து மூடி, கால் பக்கம் சொருகியிருந்தார்கள்.

"இன்னா மேடம், எல்லாருமே தலகாணிய மூடி வச்சிருக்கீங்க? கெஸ்ட் மூச்சு வுட வேணாமா?"

அன்னம்மாதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளத்துணின்னா நாங்க தலையோட மூடித்தான் சார் போட்டோம். அந்த மாசம் பூரா அப்படித்தான் போட்டோம்."

அவர் கையில் இருந்த சாக்பீஸ் விழுந்தது. கோடிக் கட்டிலருகே நின்றிருந்த ஒரு பெண் மட்டும் விரிப்பைத் தொடவே இல்லை. மடித்தது மடித்தபடி இருக்க, சுவரோடு சுவராக நின்றிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். அவள்தான் லூர்து அக்கா.

அவள் போன பிறகு அன்னம்மா எங்களுக்குச் சொன்னாள். கடல் வந்த அன்று லூர்து அக்காவின் புருஷன் உடம்பு கரையிலேயே கிடைத்துவிட்டது. மகள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். இவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். வேறு வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தன் பிள்ளையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கடல் பக்கம் போகவில்லை, மீன் கூடையைத் தொடவில்லை, மீன் சாப்பிடுவதும் இல்லை. நிவாரண அரிசி நின்றுவிட்டது. இந்த சர்டிபிகேட் கிடைத்தால் ரிசார்ட்டில் வேலை, இல்லையென்றால் மறுபடியும் கூடையோடு கரைக்குத்தான் போக வேண்டும். "அதுக்கு பதிலா செத்துடுவேன்னு சொல்லிட்டா சார். சொன்னா செய்யுறவ அவ."

ஸ்மைல் சார் மறுநாள் புதுச்சேரிக்குப் போய்ப் பச்சை, மஞ்சள், பூப்போட்டது என்று கலர் கலராக விரிப்பு வாங்கி வந்தார். லூர்து அக்கா அதில் அழகாகப் போட்டாள். மீன் வலை பிரித்த கை, மூலை மடிப்பு கத்தி வெட்டினது போல விழுந்தது. டிரஸ்ட்டுக்கு போன் போட்டு, பரீட்சைக்கும் கலர் விரிப்பு வைக்க முடியுமா என்று கேட்டார். வெள்ளைதான் விதி என்று பதில் வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. ட்ரேயைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் காலை எங்கள் லாட்ஜில் ஒரு சாவு விழுந்தது.

பாய் மாடிக்குப் போனவர், "யா அல்லா!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தார். "தம்பி! வாத்தியார் மவுத்தாயிட்டாருடா! வெள்ளத்துணி போட்டு மூடி வச்சிருக்கானுங்க! என் லாட்ஜ்லயா நடக்கணும் இது? இனிமே எவன் இங்க ரூம் போடுவான்?" எதிர் டீக்கடை ஆட்களெல்லாம் மாடியேறிவிட்டார்கள். கட்டிலில் நெடுக ஒரு உருவம், தலையோடு வெள்ளை விரிப்பு. கட்டிலுக்குக் கீழே பாலிஷ் போட்ட ஷூ. நான் பக்கத்தில் போனேன். விரிப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கிளாஸ் நடக்குது. கூட்டம் போடாதீங்க. லூர்து மேடத்த மட்டும் வரச் சொல்லு."

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு சோடா நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

லூர்து அக்கா வாசல் வரைக்கும் வந்தாள், பார்த்தாள், திரும்பி ஓடிவிட்டாள். நான் ஸ்மைல் சாரிடம் சண்டைக்குப் போனேன். "இன்னா சார் இது? நொந்து போயிருக்கிற பொம்பளைக்கு இப்படியா வெளையாட்டு காட்டுவீங்க?"

அவர் விரிப்பை மூக்கு வரை இறக்கிவிட்டுப் பேசினார். "இதுவரைக்கும் அந்தம்மா தூக்கின துணிக்கெல்லாம் அடியில யாரும் பதில் பேசல. ஒரு தடவையாவது ஒரு ஆளு பேசட்டுமே. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுப்பா. எனக்குத் தெரிஞ்சது ரூம் சர்வீஸ்தான்."

தினமும் படுத்தார். காலையில் சவரம் செய்து டை கட்டிக்கொண்டு, கட்டிலில் ஏறி, தலையோடு மூடிக்கொண்டு கிடப்பார். வேர்வையில் சட்டை நனைந்துவிடும். ஃபேன் போடலாம் என்றால் பாய்க்குக் கரண்ட் பில் பயம். லூர்து அக்கா முதலில் வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்தாள். ஒரு நாள் அன்னம்மா அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு விரிப்பைத் தூக்கிவிட்டாள்.

"ஒரு காபி. சர்க்கர கம்மி" என்றார் ஸ்மைல் சார், கல்லு மாதிரி முகத்தோடு.

அவள் தரையில் உட்கார்ந்து அழுத அழுகை, அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. அவர் கட்டிலிலேயே கிடந்தார். சமாதானம் சொல்லவில்லை. அழுது முடித்ததும், "காபி இன்னும் வரல" என்றார்.

மறுநாள் "ஏசி வேல செய்யல" என்றார். அதற்கு மறுநாள், "பக்கத்து ரூம்ல ஒரே சத்தம், மேனேஜர கூப்டு." ஒரு நாள், "பில்லு ஜாஸ்தியா இருக்குது, கட்ட மாட்டேன்." இவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணைத் திறந்துகொண்டு தூக்கினாள். ஒரு நாள் என் காதாலேயே கேட்டேன். விரிப்பை வெடுக்கென்று இழுத்துவிட்டு, "மூட்டப்பூச்சி இருக்குது, எழுந்திரிங்க சார்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் குரலில் கரையில் மீன் விற்ற பழைய லூர்து அக்கா இருந்தாள் என்று அன்னம்மா சொன்னாள்.

பரீட்சை ஐப்பசி மழையில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு எக்ஸாமினர், குடையும் ஃபைலுமாக வந்து இறங்கினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விதிப்படி நடப்பவர். பயிற்சி கொடுத்தவர் உள்ளே வரக் கூடாது என்று ஸ்மைல் சாரை வராந்தாவில் நிறுத்திவிட்டார். ஏழுமலை உப்பை மேஜையில் வைத்து, அதற்குக் காரணமும் சொல்லி, பாஸாகிவிட்டான். அன்னம்மா பேசிப் பேசியே பாஸானாள்.

லூர்து அக்கா முறை வந்தது. கெஸ்ட் காலி செய்துவிட்டுப் போன படுக்கையைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். படுத்து எழுந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக எக்ஸாமினரே கட்டிலைக் கசக்கி வைத்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்! தலையணையைக் கட்டில் நடுவில் நெடுக்காக விட்டுவிட்டு அதன் மேல் வெள்ளை விரிப்பை இழுத்து மூடிவிட்டார்.

சாவியோடு வாசலில் நின்ற நானும் அதைப் பார்த்தேன். பெரிய ஆள் படுத்த உயரம் இல்லை அது. ஒரு சின்னப் பிள்ளையின் உயரம்.

லூர்து அக்கா கட்டிலுக்குப் போனாள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள். உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்தது. எக்ஸாமினர், "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். அவளுக்குக் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எக்ஸாமினர் பேனாவைத் திறந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்மைல் சார் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "சார், நீங்க வரக் கூடாது" என்று எக்ஸாமினர் எழுவதற்குள், விரிப்புக்குள் கையை விட்டுத் தலையணையை உருவி எடுத்து, அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "தலகாணி மேடம். வெறும் தலகாணி. பாத்துக்குங்க." ஷூவைக் கழற்றினார். கட்டிலில் ஏறி, அதே தலையணையைத் தலைக்கு வைத்து, வெள்ளை விரிப்பைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்ன சார் பண்றீங்க?" என்று எக்ஸாமினர் அலறினார்.

"நான் கெஸ்ட். என்னை டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்றது விரிப்பு.

லூர்து அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். விரிப்பைத் தூக்கினாள்.

"இன்னா ரூம் சர்வீஸு இது? காபி கேட்டு எவ்ளோ நேரம் ஆவுது?"

"காபியெல்லாம் கீழ போயி குடிங்க. எழுந்திரிங்க சார், நான் பெட்டு போடணும்."

அவர் எழுந்து ஒதுங்கினார். அவள் பழைய விரிப்பை உருவிப் போட்டு, புதிய வெள்ளை விரிப்பை உதறினாள். அது காற்றில் ஏறி இறங்கியது. நாலு மூலையும் மடித்துச் சொருகி, தலையணையை வெளியே வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் முடித்துவிட்டுக் கையைக் கட்டி நின்றாள். நான் கைதட்டிவிட்டேன். எக்ஸாமினர் ஃபெயில் போட்டார்.

"வெளியாள் உதவி பண்ணிருக்காரு. நான் எப்படிப் பாஸ் போட முடியும்? அதுவும் இல்லாம இன்முகம்னு பத்து மார்க் இருக்கு. அந்தம்மா கடைசி வரைக்கும் சிரிக்கவே இல்ல."

ஸ்மைல் சார் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வாழ்நாள் பூராவும் சிரி சிரி என்று மனுஷர்களின் பிராணனை வாங்கியவர் சொன்னார்: "அவங்க சிரிக்க வேணாம் சார். யாரும் அவங்கள சிரிக்கச் சொல்லக் கூடாது. அந்தப் பத்து மார்க்க என்கிட்டேருந்து கழிச்சுக்குங்க. நானே வேலையில சேந்த நாள்லேருந்து சிரிச்சதில்ல. இதுவரைக்கும் ஒருத்தனும் மார்க் கொறைக்கல."

விதி விதிதான். சர்டிபிகேட் கொடுத்த விழாவில் லூர்து அக்கா கடைசி வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சையில் குறுக்கிட்டதற்காக டிரஸ்ட் ஸ்மைல் சாரை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. விழா முடிந்து பந்தல் பிரிக்கிறபோது லூர்து அக்கா என்னிடம் வந்து, வீட்டில் கிடக்கும் மீன் கூடையை லாட்ஜுக்குக் குப்பை அள்ள எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்னம்மா சொன்னது ஞாபகம் வர, ஸ்மைல் சாரிடம் ஓடினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் அவளை ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை ஏழுமலை எனக்குச் சொன்னான். அவன் அங்கே ரெஸ்டாரன்ட்டில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். ரிசார்ட் மேனேஜர் சின்னப் பையன். "சர்டிபிகேட் எங்க?" என்று கேட்டான்.

"நான்தான் சார் சர்டிபிகேட். லேமினேஷன்தான் பண்ணல" என்றாராம் ஸ்மைல் சார்.

இந்தம்மாவை வேலைக்கு வையுங்கள், நானும் கூடவே ரூம் வேலை செய்கிறேன், எனக்குச் சாப்பாடும் படுக்க இடமும் போதும், இந்தம்மா வேலை உங்களுக்குத் திருப்தியானதும் நான் போய்விடுகிறேன் என்று பேசி முடித்துவிட்டார். ஒரு ஆள் கூலிக்கு இரண்டு ஆள் என்றால் எந்த மேனேஜர் வேண்டாம் என்பான்?

இப்படியாக எங்கள் வாத்தியார் ரூம் பையனாகிவிட்டார். டை கட்டிக்கொண்டு கக்கூஸ் கழுவினார். விரிப்பின் ஒரு முனை அவர், மறு முனை லூர்து அக்கா. ஏழுமலை ஒரு நாள் தாங்க முடியாமல், "சார், நீங்க போயி இந்த வேலைய செய்யுறத பாத்தா எனக்கு சோறு எறங்கல" என்று அழுதிருக்கிறான். "நீ ரெஸ்டாரன்ட் ஸ்டாஃப். இந்தப் பக்கம் உனக்கு டியூட்டி இல்ல. போ" என்று விரட்டிவிட்டாராம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸும் வந்தது, மறுநாளும் வந்தது.

குப்பத்தில் அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. கோயிலில் பூசை, பிறகு கல்லறைக்கு ஊர்வலம். ரிசார்ட்டிலோ புது வருஷ சீசன், எல்லா ரூமும் ஃபுல். யாருக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டான். ஸ்மைல் சார் அவனிடம் போய், "அவங்க ரூம் எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன். ஒரு ரூம்ல ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க" என்றாராம். லூர்து அக்காவை அவரே பஸ் ஏற்றி விட்டிருக்கிறார்.

நான் பாயின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் குப்பத்துக்குப் போயிருந்தேன். கல்லறையில் லூர்து அக்கா மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பொழுது சாயும் நேரத்தில் எழுந்து என்னிடம் வந்தாள்.

"தம்பி, என்னை ரிசார்ட்டுல கொண்டுபோயி வுடு. அந்தாளு ஒண்டியா கெடந்து அல்லா ரூமையும் பண்ணிக்கினு இருக்காரு. வயசான காலத்துல இன்னா ஆனாரோ."

போகிற வழியெல்லாம் "சீக்கிரம் போப்பா" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். ரிசார்ட்டில் ஏழுமலை எதிரே வந்தான். எல்லா ரூமும் முடிந்தது, ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை, மேனேஜர் லூர்து அக்காவை நிரந்தரம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டான், ஆனால் சாரைக் கொஞ்ச நேரமாகக் காணவில்லை என்றான்.

லூர்து அக்காவின் முகம் மாறிவிட்டது. தேடிக்கொண்டு ஓடினோம். துணி அடுக்கி வைக்கும் ரூமில், தரையில், மடிக்காமல் குவித்துப் போட்டிருந்த வெள்ளை விரிப்புகளின் மேல் அவர் கிடந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை கால் கோணிக் கிடந்தது. எனக்குக் கிட்டே போகத் தைரியம் வரவில்லை. லூர்து அக்கா என்னை ஒதுக்கிவிட்டுப் போனாள். மண்டியிட்டு அவர் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள்.

"தூங்குறாரு" என்றாள்.

எழுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அலமாரியிலிருந்து சலவை செய்த ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துப் பிரித்தாள். அவர் கால் விரலிலிருந்து நெஞ்சு வரைக்கும் போர்த்தினாள். அதற்கு மேல் இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓரத்தைச் சொருகிவிட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த விரிப்பு மேலேறிக் கீழிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்மைல் சார் குறட்டை விட ஆரம்பித்தார். கேட்கச் சகிக்காத குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு நானும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுந்து போக மனசே வரவில்லை.